கயிற்றைப் பிடிக்கிறது தம்பி, அளக்கிறது அக்கா

"விஞ்ஞானி ஒராளைக் கீறு" என்று உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கோ அக்கா. பெரும்பாலும் வெள்ளைக் கோட்டும் மூக்குக்கண்ணாடியும் போட்ட ஓர் ஆண்தான் வருவார். அவளைப் பேசாதேயுங்கோ. தேத்தண்ணியைக் குடியுங்கோ, சொல்கிறேன்.

இது பழைய சோதனை. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1966 முதல் 1977 வரை, கூடுதலாகக் கனடாவில், 4,807 பிள்ளைகளைக் கீற வைத்தார். பெண் விஞ்ஞானியைக் கீறியவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் பெண்பிள்ளைகள்.

அமெரிக்காவில் ஐம்பது வருஷமாக நடந்த இத்தகைய ஆய்வுகளை 2018இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நிலைமை கொஞ்சம் தேறியிருந்தது. எனக்கு உறைத்தது வேறொன்று. 6 வயதுப் பெண்பிள்ளைகள் கீறிய விஞ்ஞானிகளில் ஏறக்குறைய 70 வீதம் பெண்கள். 16 வயதில் அது 25 வீதம். கூடப்பிறந்த எண்ணமென்றால் ஆறு வயதிலும் இருந்திருக்குமே. இடையில் பெரியவர்கள் நாங்கள்தான் ஏதோ அழித்துக் கீறுகிறோம்.

எங்கள் ஊர்ச் சிக்கல் வேறு மாதிரி. பயோ படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் படித்து முடித்தால் டொக்டர். ஆராய்ச்சி என்ற வேலை வீட்டுப் பேச்சிலேயே வராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தர் வசந்தி அரசரத்தினம் ஓர் உயிர்இரசாயனவியல் பேராசிரியர், நொதியங்களை ஆராய்ந்தவர். பதவியைச் சொல்கிற நாங்கள் நொதியத்தை விட்டுவிடுகிறோம்.

பெயர் சொன்னால் மட்டும் காணாது, கையில் வேலையும் கொடுக்க வேணும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இராமர் அம்பு விட்டு அந்தக் கிணறு உண்டான கதையையும் சொல்லுங்கோ, அதிலொன்றும் குறையில்லை. பிறகு, மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்புத் தண்ணி, ஏன் என்று கேளுங்கோ. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைத்தண்ணி, பாரமான கடல்தண்ணிக்கு மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு ஏன் உவராகிறது? பதிலை நீங்கள் சொல்லிவிடாதேயுங்கோ.

வீட்டுக் கிணற்றில், நீங்கள் பக்கத்தில் நிற்க, முடிச்சுப் போட்ட கயிற்றால் மாரியிலும் கோடையிலும் அவள் தண்ணி மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதட்டும். கயிற்றைத் தம்பி பிடிக்கட்டும். அந்த 28 பேரில் ஒரு பொடியனும் இல்லையே.