புரூக்ளின் பையன்களின் அட்டைகள்

நியூயார்க் மாநகரத்தின் ஐந்து பிரிவுகளில் ஒன்றாக இன்று எண்ணப்பட்டாலும், 1898-ஆம் வருஷம் பிறக்கும் வரையில் சொந்தமாக ஒரு மேயரும் சொந்தமாக ஒரு நகர நிர்வாகமும் வைத்துக்கொண்டு தனி நகரமாகவே வாழ்ந்த புரூக்ளின், அந்த ஸ்தானத்தை இழந்த பிறகும், தன்னுடையது என்று மார்தட்டிச் சொல்லிக்கொள்ள இரண்டு விஷயங்களை வைத்திருந்தது. ஒன்று ‘புரூக்ளின் ஈகிள்’ என்ற தினப்பத்திரிகை; மற்றொன்று ‘டாட்ஜர்ஸ்’ என்ற பேஸ்பால் அணி. பத்திரிகை 1955-இல் நின்றது. அணியோ, 1957-ஆம் வருஷத்து ஆட்டங்கள் முடிந்த கையோடு, கண்டத்தின் மறுகோடியிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆனால் அதே ஊரில் மூன்றாவதாக ஒரு வஸ்துவும் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் எவரும் அதை ஊரின் சொத்தாகக் கருதியதில்லை. பத்து வயதுப் பையன்களின் கால்சட்டைப் பைக்குள், பபிள்கம்மின் சர்க்கரைத் தூள் ஒட்டிக்கொண்டு கிடந்த பேஸ்பால் அட்டைதான் அது.

இவ்வட்டைகளைப் புரூக்ளின் கண்டுபிடிக்கவில்லை. 1880-களில், மெல்லிய காகிதப் பெட்டிக்குள் சிகரெட்டுகள் நசுங்கிவிடாமல் இருப்பதற்காகச் செருகப்பட்ட தடித்த காகிதத் துண்டை வெறுமையாக விட மனமில்லாத புகையிலை வியாபாரிகள், அதில் நடிகைகளையும் குத்துச்சண்டை வீரர்களையும் பந்தாட்டக்காரர்களையும் அச்சிடத் தொடங்கினார்கள். அப்பாவுடைய சிகரெட் பெட்டியைப் பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்க்கும் வழக்கம் அன்று பிறந்தது. 1930-களில் புகையிலையின் இடத்தைச் சூயிங்கம் பிடித்துக்கொண்டது. பாஸ்டன் நகரத்தின் கௌடி ஸ்தாபனம் 1933-இல் வெளியிட்ட வரிசையும், மகாயுத்தத்திற்குப் பின் 1948 முதல் பிலடெல்பியாவின் போமன் ஸ்தாபனம் வெளியிட்ட வரிசைகளும் பெயர் பெற்றவை.

புரூக்ளினில் ஷோரின் குடும்பத்துச் சகோதரர்கள் 1938-இல் தொடங்கிய டாப்ஸ் என்ற சூயிங்கம் ஸ்தாபனத்தில், யுத்தத்திலிருந்து திரும்பிய சை பெர்கர் என்ற இளைஞர் 1947-இல் வேலைக்குச் சேர்ந்தார். பையன்கள் சூயிங்கம்மை அதன் ருசிக்காக மட்டும் வாங்குவதில்லை, அதனோடு கிடைக்கும் சித்திரத்துக்காகவே வாங்குகிறார்கள் என்ற ரகசியத்தை நன்கு உணர்ந்திருந்த பெர்கர், புரூக்ளினில் தம் வீட்டுச் சமையலறை மேஜையில் கத்தரிக்கோலையும் காகிதத்தையும் வைத்துக்கொண்டு, வுடி கெல்மன் என்ற சக ஊழியரின் துணையோடு, 1952-ஆம் வருஷத்து அட்டை வரிசையை உருவாக்கினார். மொத்தம் 407 அட்டைகள். முன்புறத்தில் வர்ணப் படம், அணியின் சின்னம், வீரனின் கையொப்பத்தின் நகல்; பின்புறத்தில் அவனுடைய உயரம், எடை, பிறந்த தேதி, சொந்த ஊர், சுருக்கமான சரித்திரம், போன வருஷத்துக் கணக்கு, ஆயுட்காலக் கணக்கு. இன்று வரை அச்சாகும் விளையாட்டு அட்டைகள் எல்லாவற்றுக்கும் இதுவே முன்மாதிரி. வீரனுடைய சொந்த ஊரைக் குறிப்பிட்டதை நான் மிகவும் போற்றுகிறேன். எங்கோ ஓக்லஹோமாவின் சுரங்கக் கிராமத்திலோ இந்தியானாவின் சோளக்கொல்லை நடுவிலோ பிறந்த ஒருவன் நம் ஊருக்காக ஆட வந்திருக்கிறான் என்ற பூகோள ஞானமும், அவனுக்கும் நம்மைப் போல் ஓர் ஊர் உண்டு என்ற நட்புணர்ச்சியும் ஒரு சிறுவனுக்கு அந்த நாலு வரியிலிருந்தே கிடைத்தன.

பேஸ்பால் என்பது என்னவென்று அறியாத நம் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிரிக்கெட்டைப் போலவே பந்தும் மட்டையும் கொண்ட ஆட்டம்தான். ஆனால் தேசத்துக்கும் தேசத்துக்கும் நடப்பது அன்று, ஊருக்கும் ஊருக்கும் நடப்பது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய தினந்தோறும் ஆட்டம் உண்டு. புரூக்ளினில், எபெட்ஸ் ஃபீல்டு என்ற சிறிய மைதானத்தில் முப்பத்திரண்டாயிரம் பேரே நெருக்கியடித்து உட்கார முடியும். ஆட்டக்காரர்களின் வசைச்சொல்லும் சிரிப்பும்கூட முன்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். பீ வீ ரீஸ், டியூக் ஸ்னைடர் போன்ற வீரர்கள் ஆட்டக்காலத்தில் பே ரிட்ஜ் என்ற பகுதியில் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். அட்டையில் இருக்கும் முகத்தையே அடுத்த தெருவுக் கடையில் காய்கறி வாங்கும் கோலத்தில் பார்த்த பையன்கள் அநேகர். அவர்களுக்கு அந்த அட்டை எட்டாத நட்சத்திரத்தின் படமாக இருந்ததில்லை. அண்டை வீட்டுக்காரரின் படமாகவே இருந்தது.

அட்டைகளை அவர்கள் நடத்திய விதத்தை இன்றைய சேகரிப்பாளர் பார்த்தால் கண்ணீர் விடுவார். சுவரை நோக்கி வீசி, யாருடைய அட்டை சுவருக்கு அருகில் விழுகிறதோ அவனே மற்றவற்றையும் எடுத்துக்கொள்வான். கையிலிருந்து சுழற்றிக் கீழே விட்டு, முகம் மேலே விழுமா, முதுகு மேலே விழுமா என்று பந்தயம் கட்டுவார்கள். இரட்டையாகக் கிடைத்த அட்டையைத் துணி உலர்த்தும் கிளிப்பால் சைக்கிளில் பொருத்தி, சக்கரக் கம்பிகளில் அது படபடக்கும் சப்தத்தை மோட்டார் சைக்கிளின் சப்தமாகப் பாவித்துக்கொண்டு தெருவெல்லாம் ஓட்டுவார்கள். மீதமுள்ளவற்றை எண் வரிசையில் அடுக்கி, ரப்பர் பாண்டு போட்டு, காலணிப் பெட்டிக்குள் வைப்பார்கள். 1952-ஆம் வருஷத்து வரிசையில் முதல் எண் ஆண்டி பாஃப்கோ என்ற டாட்ஜர்ஸ் வீரருடையது. அடுக்கில் மேலே இருந்த காரணத்தால் ரப்பர் பாண்டின் வெட்டும், வியர்வைக் கையின் அழுக்கும், பெட்டியின் உராய்வும் அவர் முகத்தின்மேலேயே விழுந்தன. பழுதில்லாத பாஃப்கோ அட்டை இன்று அபூர்வத்திலும் அபூர்வம். ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அனைவரும் ஒரே மாதிரி அடுக்கினார்கள் என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சியம் எந்தச் சரித்திர நூலிலும் கிடையாது.

இந்த வரிசையின் 312-ஆம் அட்டையில் இருப்பவர் ஜாக்கி ராபின்சன். கறுப்பு இனத்தவருக்குப் பெரிய அணிகளின் கதவு அறுபது வருஷ காலம் அடைத்தே கிடந்த நிலையில், 1947-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி டாட்ஜர்ஸ் சட்டையோடு எபெட்ஸ் ஃபீல்டில் இறங்கிய அந்தத் தீரர், எதிரணிகளின் ஏச்சையும் கொலை மிரட்டல் கடிதங்களையும் பொறுமையோடு சகித்து ஆடினார் என்பது பிரசித்தம். அரசாங்கப் பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்துவைப்பது சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, வெள்ளைக்காரச் சிறுவர்கள் தங்கள் சில்லறையைக் கொடுத்து, ஒரு கறுப்பரின் முகத்தைப் பெருமையோடு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்கள்; அதற்காக நண்பனோடு சண்டையும் போட்டார்கள். அட்டை ஒன்று சமூகத்தை மாற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும், தந்தையின் மேஜையில் கேட்ட துவேஷப் பேச்சுக்கு எதிராக ஒரு பிள்ளையின் பையில் ராபின்சன் இருந்தார் என்பது அற்பமான சங்கதியும் அன்று.

‘உலகத் தொடர்’ என்னும் 1952-ஆம் வருஷத்து இறுதிப் போட்டியில், அதே மாநகரத்தின் மற்றோர் அணியான நியூயார்க் யாங்கீஸிடம் டாட்ஜர்ஸ் மீண்டும் தோற்றது. கடைசி இரண்டு ஆட்டங்களும் எபெட்ஸ் ஃபீல்டில் நடந்தன. இரண்டிலும் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துப் புரூக்ளினின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவன் மிக்கி மான்டில் என்ற இருபது வயது இளைஞன். அவனுடைய அட்டையின் எண் 311. அந்த எண்ணிலிருந்து 407 வரையிலான அட்டைகள் ஆட்டக்காலத்தின் இறுதியிலேயே கடைக்கு வந்தன. பையன்களின் கவனம் அதற்குள் அமெரிக்கக் கால்பந்துக்குத் திரும்பிவிட்டதால் பெரும் பகுதி விற்காமல் கிடங்கில் தேங்கியது. 1960-இல் அவற்றைக் கப்பலேற்றி அட்லாண்டிக் சமுத்திரத்தில் கொட்டியதாகப் பெர்கரே பிற்காலத்தில் சொன்னார். மான்டில், ராபின்சன், டாட்ஜர்ஸ் வீரர் ராய் காம்பனெல்லா எல்லோரும் கட்டுக் கட்டாகக் கடலில் போனார்கள்.

அதே 1960-ஆம் வருஷம் பிப்ரவரி 23-ஆம் தேதி, பேஸ்பால் பந்தைப் போல் வர்ணம் பூசிய இரும்புக் குண்டினால் எபெட்ஸ் ஃபீல்டை இடிக்க ஆரம்பித்தார்கள். கார் விபத்தில் உடல் செயலிழந்த ராய் காம்பனெல்லா சக்கர நாற்காலியில் வந்து அதைப் பார்த்தார். ஐந்து தோல்விகளுக்குப் பிறகு 1955-இல் ஒரே ஒரு முறை யாங்கீஸை வென்று ஊரையே ஆனந்தக் கூத்தாட வைத்த அணி போய்விட்டது. அது ஆடிய புல்தரையின்மீது அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. உரிமையாளர் வால்டர் ஓமாலிமீது குற்றமா, அவர் கேட்ட இடத்தைத் தர மறுத்த நகர நிர்மாண அதிகாரி ராபர்ட் மோசஸ்மீது குற்றமா என்ற வழக்கு அந்த ஊரில் இன்னும் தீரவில்லை. ஒரு வியாபாரி தன் அணியை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு ஜனசமூகம் அதன்மீது வைத்த அபிமானத்தை மூட்டைகட்டி எடுத்துச் செல்ல அவனுக்கு உரிமை உண்டென்று என் மனம் ஒப்பவில்லை.

இன்று விலை வேறு கதை பேசுகிறது. 1952-ஆம் வருஷத்து மான்டில் அட்டைகளில் மிகச் சிறந்த நிலையில் இருந்த ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அட்டையின் நான்கு மூலைகளையும் பூதக்கண்ணாடியால் சோதித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்து, பிளாஸ்டிக் பேழைக்குள் முத்திரையிடுவதையே தொழிலாகக் கொண்ட ஸ்தாபனங்கள் தோன்றியிருக்கின்றன. 1980-களின் இறுதியில், அட்டைகளை முதலீடாக வாங்கும் மோகத்தில் கம்பெனிகள் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளி, கடைசியில் அவை காகித விலைக்கும் போகாத நிலை வந்தது. அட்டையில் கறை படிகிறது என்று 1990-களின் தொடக்கத்தில் டாப்ஸ் பாக்கெட்டிலிருந்து பபிள்கம்மையும் எடுத்துவிட்டார்கள். சிறுவனின் விரல் படாத அட்டைக்குப் பத்து மதிப்பெண். பட்ட அட்டைக்கு ஒன்றோ இரண்டோ! அன்பின் அடையாளங்களையே குற்றமாக எண்ணும் இந்த அளவுகோலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வேறு விதமாகச் சேகரித்தவரும் ஒருவர் உண்டு. சிரக்யூஸ் நகரத்தில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜெஃபர்சன் பர்டிக், மூட்டு வாதத்தால் விரல்கள் மடங்கிப்போன நிலையிலும், சிகரெட் அட்டை, வாழ்த்து அட்டை, விளம்பரச் சீட்டு என்று மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட காகிதத் துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். அவற்றில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். அனைத்தையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். 1947 முதல் சிறுகச் சிறுகக் கொண்டுவந்து, தம் கையாலேயே ஆல்பங்களில் ஒட்டி, 1963 ஜனவரியில் வேலையை முடித்து, அதே வருஷம் மார்ச்சில் காலமானார். புரூக்ளின் பாலத்தைப் பார்க்க நியூயார்க் போகிற நம்மவர்கள் அந்தக் கலைக்கூடத்துக்கும் போவது வழக்கம். பர்டிக்கின் அட்டைகளிலிருந்து சிலவற்றை அங்கே மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைக்கிறார்கள். ராஜாக்களின் கவசங்களையும் எகிப்திய மம்மிகளையும் பார்த்து முடித்த பிறகாவது, ஒரு கால்மணி நேரம் அவற்றின் முன்னால் நின்றுவிட்டு வாருங்கள்.