கையில் அசையாமல் கிடக்கும் காடை

காலையில் கூண்டைப் பார்த்தால் நாலைந்து காடைகளுக்கு மண்டையில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருக்கிறது. ஒன்று செத்தே கிடக்கிறது. தீவனம் மாறவில்லை, எச்சமும் சரியாகத்தான் இருக்கிறது. செத்த காடையைப் பையில் போட்டுக்கொண்டு ‘இது என்ன நோய்?’ என்று கால்நடை மருந்தகத்துக்கு ஓடுபவர்கள் உண்டு. கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றினாலோ, பச்சையாகக் கழிந்தாலோ ஓடத்தான் வேண்டும். ஆனால் மண்டைக் காயம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது நோயல்ல, மிரட்சி. விசாரித்தால், தினமும் தீவனம் போடும் வீட்டுப் பெண் திருவிழாவுக்கு அம்மா ஊருக்குப் போயிருப்பார். அவருக்குப் பதிலாக மாமனாரோ மகனோ விடிவதற்கு முன்பே டார்ச் லைட்டோடு போய்க் கதவைப் படாரென்று திறந்திருப்பார்.

கோழி மிரண்டால் கத்திக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். காடை நேர் மேலே எழும்பும். காட்டில் வாழும் காடையின் பழக்கம் அது. புல்லுக்குள் பதுங்கியிருக்கும், கால் பக்கத்தில் வரும்வரை அசையாது, கடைசி நொடியில் அம்பு போல மேலே பாயும். நம் ஊரில் வளர்க்கப்படும் ஜப்பானியக் காடை 1974-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்து இஸ்ஸத்நகருக்கு வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே ஜப்பானில் கூண்டுப் பறவையாகிவிட்ட இனம் அது. நந்தனம் காடை, நாமக்கல் காடை எல்லாம் இந்த இனத்திலிருந்து இங்கே உருவாக்கப்பட்டவை. எத்தனையோ தலைமுறைகள் கூண்டில் வாழ்ந்ததில் அடைகாக்கும் குணமே போய்விட்டது. மேலே பாயும் குணம் மட்டும் போகவில்லை.

பதுங்கும் குணமும் போகவில்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காடையைப் பிடித்து உள்ளங்கையில் மல்லாக்கப் படுக்க வைத்தால், கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கும். ‘பாருங்க, என்ன சாது’ என்று செல்போனில் படம் பிடிப்பார்கள். அது சாதுவும் இல்லை, தூக்கமும் இல்லை. பூனையோ கழுகோ பிடித்துவிட்டது என்று எண்ணிச் செத்ததுபோல விறைத்துக் கிடப்பது. பிடி தளர்ந்ததும் பறந்துவிடலாம் என்பதுதான் அதன் கணக்கு. எவ்வளவு நேரம் அப்படிக் கிடக்கிறதோ அவ்வளவு பயந்த காடை என்று அர்த்தம். பழகிய காடை கையில் நெளியும், சீக்கிரம் எழுந்து நிற்கும்.

இந்தப் பயம் ரத்தத்திலும் வருவது. 1980-களில் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் காடைக் குஞ்சுகளை இப்படிப் படுக்க வைத்து நேரம் பார்த்தார்கள். நீண்ட நேரம் கிடப்பவற்றைத் தனியாகவும், சட்டென எழுந்துவிடுபவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்தார்கள். சில தலைமுறைகளிலேயே பயந்த கூட்டமும் தைரியமான கூட்டமும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. ஆகவே தாய்க்காடைகளைத் தேர்வு செய்யும்போது எடையையும் முட்டையையும் மட்டும் பார்த்தால் போதாது. கதவைத் திறந்ததும் முதலில் எகிறுவது எது, ஒரு நிமிடத்தில் தீவனத்துக்குத் திரும்புவது எது என்று சில நாள் கவனித்து, திரும்புபவற்றை நிறுத்திக்கொள்ளலாம். அதற்காக ஒரே குடும்பத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்த்துவிடக் கூடாது. நெருங்கிய உறவில் சேர்ந்தால் காடையில் பொரிப்புத்திறன் வெகுவேகமாகக் கெடும். சேவல்களை வெளிப்பண்ணையிலிருந்து மாற்றுவதே நல்லது. விரலைக் கொத்த வரும் சேவலைப் பழகியது என்று எண்ணிவிடவும் வேண்டாம். அது சண்டைக்காரன். அதே சேவல்தான் பெட்டைகளின் தலை இறகைப் பிடுங்கி மொட்டையாக்கும்.

ரத்தம் பாதி என்றால் பழக்கம் மீதி. தாய் அடைகாக்காததால் 17, 18 நாளில் பொரிப்பானிலிருந்து வெளியே வரும் குஞ்சுக்குத் தாய் என்று யாருமில்லை. ஏழெட்டு கிராம் எடையுள்ள அந்தக் குஞ்சு, முதல் ஓரிரு நாளில் கண்ணெதிரே அசைவது எதுவோ அதையே நம்பப் பழகும். ஆகவே முதல் வாரம் முக்கியம். தண்ணீர்த் தட்டில் குஞ்சு மூழ்கிவிடாமல் கூழாங்கல்லோ கோலிக்குண்டோ போடுவதை எல்லோரும் செய்கிறார்கள். அதோடு, தீவனத்தை வைத்துவிட்டு ஓடிவிடாமல், கையைத் தட்டருகே இரண்டு நிமிடம் அசையாமல் வைத்திருக்க வேண்டும். மேலிருந்து கையை இறக்கக் கூடாது. வானிலிருந்து இறங்கும் எதுவும் காடைக்குக் கழுகுதான். பக்கவாட்டில், தாழ்வாக, குரல் கொடுத்துக்கொண்டே கை வர வேண்டும். எதையும் பிடிக்கத் தேவையில்லை. விரட்டிப் பிடித்துத் தடவிக் கொடுப்பதால் காடை பழகாது, பயம்தான் பழகும்.

வளர்ந்த பிறகு எடை பார்க்கவோ விற்கவோ பிடித்துத்தான் ஆகவேண்டும். விளக்கைத் தணித்துவிட்டு, இறக்கையோடு உடம்பைச் சேர்த்துப் பொத்தி எடுக்க வேண்டும். காலைப் பிடித்துத் தூக்கினால் ஈர்க்குச்சி போல முறியும்.

எவ்வளவு பழக்கினாலும் ஒரு நாள் வெடிச் சத்தம் கேட்கும், பூனை வரும், கூரை மேல் காகம் இறங்கும். அன்றைக்கு மண்டையைக் காப்பது கூண்டுதான். கூண்டின் உயரம் 10 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். எகிறினாலும் வேகம் எடுக்க இடம் இருக்காது. ஆள் நிற்கும் உயரத்துக்கு வலை போட்ட ஆழ்கூளக் கொட்டகையிலும் தலை அவ்வளவாக அடிபடாது. இரண்டுக்கும் நடுவே, இரண்டு மூன்று அடி உயரத்தில், பழைய முயல் கூண்டைக் காடைக்கு மாற்றிக் கொடுக்கிறார்களே, அதுதான் மோசம். அந்தக் கூண்டுதான் இருக்கிறது என்றால், மேல் கம்பிக்குக் கீழே சாக்கையோ நைலான் வலையையோ கொஞ்சம் தொய்வாகக் கட்டிவிடலாம்.

வேடிக்கை பார்க்க வருபவர்களைக் காலையில் வரச் சொல்வது நல்லது. காடை பெரும்பாலும் பிற்பகலில், மாலைக்குள்தான் முட்டையிடும். அந்த நேரத்தில் கலவரப்பட்டால் முட்டைக் கணக்கு குறையும். முட்டைக் காடைகளுக்கு ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்பதால் இரவில் விளக்கு எரியும். அதைச் சட்டென்று போட்டு அணைப்பதும் மிரட்சிதான். ஒரு சின்ன பல்பை மட்டும் கொஞ்ச நேரம் விட்டுவைத்து, பிறகு அணைக்கலாம்.

பழகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? நாம் நிற்கும்போதே மண்ணில் புரண்டு குளித்தால், கை தட்டில் இருக்கும்போதே தீவனம் கொத்தினால், பழகிவிட்டது. கூப்பிட்டால் தோளில் வந்து உட்காரும் என்று எதிர்பார்க்க அது கிளியல்ல.

அப்படிப் பழகிய காடையும் ஆளைப் பார்த்துப் பழகியதுதான். பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும். நேற்றுவரை பச்சைச் சேலை வந்த இடத்தில் இன்று வெள்ளை வேட்டி வந்தால் மிரளத்தான் செய்யும். கொட்டகைக்கென்று ஒரே நிறத்தில் பழைய சட்டை ஒன்றைக் கதவருகே ஆணியில் மாட்டிவைத்து, யார் உள்ளே போனாலும் அதைப் போட்டுக்கொண்டு போகலாம். வெளியிலிருந்து நோய் ஒட்டி வருவதையும் அது ஓரளவு குறைக்கும். ஊருக்குப் போவதென்றால், போவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே பதில் ஆளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். முதல் நாள் அவர் சும்மா நிற்கட்டும், இரண்டாம் நாள் தண்ணீர் வைக்கட்டும், மூன்றாம் நாள் தீவனத்தை அவரே போடட்டும். கதவைத் திறக்கும் முன் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திறக்கவும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.