சி.எஸ்.ஆர். நிதி: கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"எங்க ஊர் பள்ளிக்கூடத்துல கழிப்பறை சரியில்ல. பெரிய கம்பெனிகள்ல சி.எஸ்.ஆர். பணம் இருக்காமே, கேட்டா குடுப்பாங்களா?" வேடசந்தூரிலோ நிலக்கோட்டையிலோ இருக்கும் உங்களுக்கும் இந்தக் கேள்வி இருக்கலாம். தாராளமாகக் கேட்கலாம். அதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

யார் தர வேண்டும்?

நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135 இதற்கு அடிப்படை. 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இந்த மூன்றில் ஒன்றை எட்டினாலே போதும், அந்த நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே, உங்கள் பகுதியில் ஆலை நடத்தும் நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள்.

எது சி.எஸ்.ஆர். ஆகாது?

தன் ஊழியர்களுக்கு மட்டும் செய்யும் உதவி, வழக்கமான வியாபாரம், வேறு சட்டப்படி செய்தே தீர வேண்டிய கடமை ஆகியவை இந்தக் கணக்கில் வராது.

திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்றது. கழிவுநீரைச் சுத்திகரிப்பது கடமை. அதைச் 'சேவை' என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பணம் நின்ற பிறகு?

பல ஆண்டுத் திட்டமாக இருந்தாலும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும். குடிநீர் இயந்திரம் வைத்துத் தருவார்கள், சரி. அதன் பிறகு மின்கட்டணம் யார் கட்டுவது? பழுதானால் யார் பார்ப்பது?

நன்கொடையை மட்டும் நம்பாமல் ஏழைகளுக்குச் சேவை செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கட்டணம் செலுத்துவோரிடம் கிடைக்கும் வருமானமே இலவச சிகிச்சைக்கும் கைகொடுக்கிறது. வெளிநாட்டு லென்ஸ் எட்டாத விலையில் இருந்ததால், 1992-ல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே மலிவாகத் தயாரித்தார்கள். இன்று திண்டுக்கல்லிலும் அரவிந்த் செயல்படுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

• அரசுப் பள்ளி என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவில் தேவையைப் பேசித் தீர்மானம் போடுங்கள். 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இதற்காகவே இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

• அறக்கட்டளை அல்லது சங்கம் மூலம் பணி நடந்தால், அது சி.எஸ்.ஆர். பதிவு எண் பெற்றிருக்கிறதா என்று பாருங்கள்.

• "நிதி வாங்கித் தர்றேன், கமிஷன் குடுங்க" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்திலேயே சி.எஸ்.ஆர். கொள்கையும் திட்டங்களும் இருக்கும்.

• பராமரிப்புச் செலவு எவ்வளவு, அதை யார் ஏற்பது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். மூன்று வருஷம் கழித்தும் அந்தக் கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும் அல்லவா?