கியர் பிடிக்கவில்லையா? மாற்றுமுன் கழுவிப் பாருங்கள்

அண்மையில் ஒரு காலை, இளம் விவசாயி ஒருவர் தமது ரேசர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எம்மிடம் வந்தார். வெளிநாட்டில் பாவித்துக் கைமாறி வந்த கியர் சைக்கிள் அது. கரியரில் கத்தரிக்காய்க் கடகம் கட்டியிருந்தது. “தள்ளுறன், தள்ளுறன், ஒண்டும் பிடிக்குதில்லை” என்றார். கடையில் கியர் பிடியை முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். கேட்ட தொகையோ, விதை வெங்காயத்துக்கென அவர் ஒதுக்கி வைத்திருந்த காசு.

எமக்குச் சைக்கிள் பொழுதுபோக்குச் சாமான் அல்ல. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாதிருந்தபோது அதுவே எமது வாகனம்; அதன் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தியும் கேட்டோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்களின் உடைமை ஒரு கரியரில் அடங்கியது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோதும் சைக்கிளுக்கே திரும்பினோம். ஆகவே அதன் பழுதை நாமே அறிந்து திருத்தப் பழகுவது நல்லது.

கியர் பிடி செய்யும் வேலை ஒன்றே: வயரை அளவாக இழுப்பதும் அளவாக விடுவதும். அதனுள்ளே பல் வெட்டிய சிறு தட்டும், அந்தப் பல்லில் விழுந்து தடுக்கும் சிறு நாக்கும் உண்டு. ‘டிக்’ என்று கேட்பது அந்த நாக்கு விழும் ஓசை. 1990 இல் ஜப்பானின் சிமானோ நிறுவனம் இந்தப் பொறியைப் பிறேக் பிடியோடு சேர்த்து ரேசர் சைக்கிள்களுக்குக் கொண்டுவந்தது.

முதலில் பழுது எங்கே என்று பாருங்கள்

பின் சில்லருகே செயின் மாற்றியில் வயரை இறுக்கியிருக்கும் ஆணியைத் தளர்த்துங்கள். ஒருவர் வயர் நுனியை இழுத்துப் பிடிக்க, மற்றவர் கியர் பிடியைத் தள்ளட்டும். ‘டிக்’ என்று ஒவ்வொன்றாக இழுத்தால் பிடியில் பழுதில்லை. வயரோ அதன் உறையோ துருப்பிடித்திருக்கும். பிடி வெறுமனே ஆடினால், பெரும்பாலும் உள்ளே பழைய கிறீஸ் இறுகி நாக்கை ஒட்டவைத்திருக்கும்.

எமது நண்பரின் பழுது இரண்டாவது வகை. வயரைக் கழற்றி எடுத்தோம். பிடியின் ரப்பர் உறையைப் பின்னுக்கு மடித்தோம். ரயரிலும் பிறேக் கட்டையிலும் எண்ணெய் படாமல் சீலையால் மூடினோம். ஊசி மருந்துக் குழாயால் மண்ணெண்ணெயை உள்ளே பாய்ச்சி, பிடியை முன்னும் பின்னும் பல தடவை ஆட்டினோம். கபில நிறத்தில் அழுக்கு வடிந்தது. சற்றுப் பொறுத்து மீண்டும் பாய்ச்சினோம். முதலில் ஒரு ‘டிக்’, பின்னர் எல்லாம். நன்றாக வடியவிட்டு, தையல் மெசின் எண்ணெய் சில துளிகள் விட்டோம். தேங்காய் எண்ணெய் விடவேண்டாம்; அது நாட்பட இறுகிப் பிசினாகும். உள்ளே உள்ள திருகாணிகளையும் கழற்றவேண்டாம். ஸ்பிரிங் தெறித்தால் மீளப் பூட்டுவது கடினம்.

வயரை மாற்றும்போது

கியர் வயர் 1.2 மி.மீ. தடிப்பு, பிறேக் வயர் அதைவிடத் தடிப்பு, தலையும் வேறு. உறையும் அப்படியே: பிறேக் உறையின் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் கியர் சரியான இடத்தில் நில்லாது.

செயினைச் சிறிய பற்சில்லில் வைத்து, பிடியையும் கடைசிவரை தளர்த்திய பின் வயரை இறுக்குங்கள். பெரிய பற்சில்லுக்கு ஏறத் தயங்கினால், வயர் செயின் மாற்றிக்குள் நுழையுமிடத்தில் உள்ள திருகியைப் பின்னால் நின்று பார்த்து இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். இறங்கத் தயங்கினால் வலப்பக்கமாக.

உள்ளே பல் தேய்ந்தோ ஸ்பிரிங் முறிந்தோ இருந்தால் கழுவி ஆவதில்லை. அப்போதும் வழியுண்டு. பழைய சைக்கிள்களில் வரும், ‘டிக்’ ஓசையில்லாத சாதாரண கியர் நெம்பியைச் சட்டத்தில் பூட்டலாம். கை அளவில் நகர்த்திப் பழகவேண்டும், வேலை நடக்கும்.

அன்று சந்தை கலையுமுன் நண்பர் போய்ச் சேர்ந்தார். எமக்குச் செலவானது ஒரு கோப்பை மண்ணெண்ணெயும் இரண்டு மணி நேரமும். விதை வெங்காயக் காசு அவரது சட்டைப் பையிலேயே இருந்தது.