காமா கதிருக்குக் கறுப்புக் கண்ணாடி உண்டா?

போர்ட் கொச்சிக் கடற்கரை. சீன வலைகளுக்குப் பின்னால் வெயில் சாயும் பிற்பகலில் நீரின் பளபளப்பு கண்ணைக் கூசுகிறது. போலராய்டு கண்ணாடி அணிந்தால் கூச்சம் அடங்குகிறது. தலையைத் தோள்பக்கம் சாய்த்தால் மீண்டும் தலைகாட்டுகிறது. காரணம், நீரில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது. கண்ணாடி செங்குத்து அதிர்வை மட்டுமே அனுமதிக்கிறது. பாடநூல்கள் இதைத் தளவிளைவு என்கின்றன.

அணுக்கரு விஞ்ஞானிகளுக்கும் இந்த அதிர்வுத் திசை தேவைப்படுகிறது. கிளர்ச்சியுற்ற அணுக்கரு காமா கதிரை உமிழ்ந்து அமைதியடைகிறது. கதிரின் ஆற்றல், கரு எவ்வளவு இறங்கியது என்பதைச் சொல்லும். ஆனால் அது மின்வகைக் கதிரா, காந்தவகையா என்பதை அதிர்வுத் திசைதான் காட்டிக்கொடுக்கும். சிக்கல் என்னவென்றால், காமா கதிரை வடிகட்டும் போலராய்டு கிடையாது.

கைகொடுப்பது காம்ப்டன் சிதறல். எலெக்ட்ரானில் மோதும் காமா கதிர், தன் அதிர்வுக்குச் செங்குத்தான திசையிலேயே அதிகம் சிதறும். 'குளோவர்' என்ற கருவியில் 4 ஜெர்மானியப் படிகங்கள் நான்கு இதழ்போல ஒட்டி நிற்கின்றன. திரவ நைட்ரஜன் அவற்றைக் குளிர்விக்கிறது. கதிர் ஒரு படிகத்திலிருந்து எந்தப் பக்கத்துப் படிகத்துக்குத் தாவியது என்று எண்ண வேண்டும். துகள் கற்றைக்கு 90 டிகிரியில் வைத்த குளோவரில், பொதுவாகக் கற்றைக்குக் குறுக்கான தாவல் மிகுந்தால் மின்வகை. கற்றையை ஒட்டிய தாவல் மிகுந்தால் காந்தவகை. வித்தியாசம் பெரும்பாலும் சில சதவீதம்தான். எனவே நாள்கணக்கில் எண்ண வேண்டியிருக்கிறது.

விலையுயர்ந்த கருவிகள் இவை. பல நிறுவனங்கள் தங்கள் குளோவர்களை ஒன்றுசேர்த்து உருவாக்கியதுதான் இந்திய தேசிய காமா அணி. மும்பை, டெல்லி, கொல்கத்தா முடுக்கிகளுக்கு முறைவைத்துப் பயணம் செய்திருக்கிறது இந்த அணி.

இத்தனை பாடு எதற்கு? 1990களின் தொடக்கத்தில், கிட்டத்தட்ட உருண்டையான சில ஈய அணுக்கருக்கள், நீள்வடிவக் கரு சுழல்வதுபோல ஒழுங்கான வரிசையில் கதிர்களை உமிழ்ந்து திகைக்க வைத்தன. குவாண்டம் விதிப்படி உருண்டையின் சுழற்சி வெளியே தெரியக்கூடாது. அவை காந்தவகைக் கதிர்கள் என்பது புதிரை அவிழ்க்க உதவியது. உள்ளே சில புரோட்டான்களின் சுழற்சி அச்சும் சில நியூட்ரான்களின் அச்சும் கத்தரிக்கோல் அலகுகள்போல மெல்ல மூடுகின்றன என்றார் ஜெர்மன் விஞ்ஞானி ஸ்டெபான் ஃபிரௌவென்டார்ஃப். மின்வகை என்று முடிவாகியிருந்தால் இந்த விளக்கத்துக்கே இடமில்லை.

அணுக்கரு அட்டவணைகளில் உறுதியாகாத பண்புகளை அடைப்புக்குறிக்குள்தான் அச்சிடுகிறார்கள். அந்தக் குறிகளில் பலவற்றை நீக்குவது குளோவரில் பொறுமையாக எண்ணப்படும் இந்தத் தாவல்களே.