சிறு வானூர்திப் பிஸ்டன் பொறியில் வெற்றோட்ட வேகம் அமைத்தல்: தாம்பரம் – மறைமலை நகர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சிறு வானூர்தியின் பிஸ்டன் பொறி மிகக் குறைந்த வேகத்தில் சீராகச் சுழலும் நிலை வெற்றோட்டம் எனப்படும். இதனை அமைத்தல் என்பது சுழற்சிமானியில் ஓர் எண்ணைக் கொண்டுவருவது மட்டுமே எனக் கருதப்படுவதுண்டு. வேகம், எரிகலவை ஆகிய இரண்டும் தனித்தனியே அமைக்கப்பட வேண்டியவை என்பதையும், கலவைப் பிழையை வேகத் திருகு மறைத்துவிடக்கூடும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. சென்னைத் தட்பவெப்பத்தில் இவ்வமைப்புக் கொள்ளும் மாற்றமும் எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வெற்றோட்டம், எரிகலவை, கார்புரேட்டர், திராட்டில், பயிற்சி வானூர்தி, தாம்பரம்.

முன்னுரை

தாம்பரம் முதல் மறைமலை நகர் வரையிலான பகுதி பொறிகளோடு நெடுநாள் தொடர்புடையது. தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் வானூர்திப் பொறியியலைக் கற்பித்து வருகிறது. இந்திய வான்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1954இல் அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. மறைமலை நகரோ கார் ஆலையால் அறியப்பட்ட ஊர்.

வான்படையின் தொடக்கநிலைப் பயிற்சி பல்லாண்டுகள் பிஸ்டன் பொறிகளையே சார்ந்திருந்தது. 1951இல் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 விமானத்தில் 155 குதிரைத்திறன் கொண்ட சிரஸ் மேஜர் பொறி இருந்தது. பின்வந்த எச்.பி.டி.-32 தீபக் விமானத்தில் 260 குதிரைத்திறன் கொண்ட லைகோமிங் ஏ.இ.ஐ.ஓ.-540 பொறி பொருத்தப்பட்டது. 2013 முதல் பிலாட்டஸ் பி.சி.-7 வகை டர்போபுராப் விமானங்கள் வான்படைப் பயிற்சிக்கு வந்துள்ளன. எனினும் குடிமைப் பறத்தல் பயிற்சியில் செஸ்னா 152, 172 போன்ற பிஸ்டன் விமானங்கள் இன்றும் பயன்படுகின்றன.

இன்றைய காரில் வெற்றோட்ட வேகத்தை மின்னணுக் கட்டுப்பாட்டகம் தானே சீர்செய்கிறது. இத்தகைய பயிற்சி விமானங்கள் பெரும்பாலானவற்றில் அது இன்னும் பராமரிப்பாளரின் கையில்தான் உள்ளது.

கலைச்சொல் தெளிவு

பணிமனைப் பேச்சில் ‘ஐடிலிங்’ எனப்படுவதே இங்கு வெற்றோட்டம் எனக் குறிக்கப்படுகிறது. ‘வெறுமை’ என்னும் பொருள் தொனித்தாலும், வானூர்தியைப் பொறுத்தவரை இது பொறி ஓய்ந்திருக்கும் நிலையன்று. எக்கணமும் முழுத்திறனுக்கு உயர ஆயத்தமாக நிற்கும் நிலை. காற்றோடு எரிபொருள் மிகுந்து கலந்தது செறிகலவை. குறைந்து கலந்தது மெலிகலவை.

வெற்றோட்டத்தில் பொறிக்குள் நிகழ்வது

விமானி திராட்டிலை முழுதும் பின்னிழுக்கும்போது கார்புரேட்டரின் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. அப்போது குறுகுகுழாய் வழியே செல்லும் காற்றோட்டம், முதன்மைத் தாரையிலிருந்து எரிபொருளை உறிஞ்சப் போதுமானதாக இராது. ஆகவே தகட்டின் விளிம்பருகே அமைந்த சிறு துளைகள் வழியாக, அங்குள்ள வலுவான உறிஞ்சலால் எரிபொருள் கிடைக்கிறது. இதற்கெனத் தனி வெற்றோட்டத் தடம் உண்டு. தகடு எவ்வளவு மூட வேண்டும் என்பதைத் தடுப்புத் திருகும், அத்தடத்தில் எவ்வளவு எரிபொருள் செல்ல வேண்டும் என்பதைக் கலவைத் திருகும் முடிவுசெய்கின்றன.

எரிபொருள் செலுத்து முறையில் இயங்கும் லைகோமிங் 540 போன்ற பொறிகளில் கலவைத் திருகுக்கு மாற்றாக, திராட்டிலையும் வெற்றோட்ட வால்வையும் இணைக்கும் தண்டின் நீளம் மாற்றப்படுகிறது. கருவி வேறாயினும் கொள்கை ஒன்றே.

வேகத்தின் இரு எல்லைகள்

லைகோமிங் வகைப் பொறிகளுக்கு நிமிடத்துக்கு 600 முதல் 700 சுற்றுகள் என்பது வழக்கமான அளவு. பல்சக்கரப் பெட்டி வழியே புரொப்பெல்லரைச் சுழற்றும் ரோட்டாக்ஸ் 912 பொறிக்கு ஏறத்தாழ 1400 சுற்றுகள் தேவை. அதற்குக் கீழே பல்சக்கரங்கள் அதிர்ந்து தேய்கின்றன. ஆகவே ஒரு பொறியின் அளவை மற்றொன்றுக்குப் பொருத்தலாகாது.

வேகம் மிகக் குறைந்தால் தீப்பொறிச் செருகிகளில் ஈயமும் கரியும் படிகின்றன. இதனினும் பெரிய இடர் தரையிறக்கத்தில் நேர்வது. சறுக்கி இறங்கும்போது எதிர்க்காற்று புரொப்பெல்லரைச் சுழற்றுவதால் தாழ்ந்த அமைப்பின் குறை வெளிப்படுவதில்லை. ஓடுபாதைக்கு மேல் விமானத்தின் வேகம் தணியும்போது அத்துணை நீங்குகிறது. அங்கே பொறி நின்றுவிடக்கூடும். மாறாக, வேகம் மிகுந்தால் எஞ்சிய உந்துவிசை விமானத்தை ஓடுபாதைக்கு மேல் மிதக்கவிடும், தரையோட்டம் நீளும், பிரேக்குகள் தேயும்.

அமைக்கும் முறை

திருகைத் தொடுமுன் பிற குறைகள் நீக்கப்பட வேண்டும். மேக்னெட்டோ, தீப்பொறிச் செருகி, உள்ளிழுகுழாய் இணைப்புகள் ஆகியவை சோதிக்கப்பட வேண்டும். வெற்றோட்டத்தில் உள்ளிழுகுழாயின் அழுத்தம் மிகத் தாழ்ந்திருப்பதால் சிறு கசிவும் வெளிக்காற்றை உள்ளே இழுத்து அந்த உருளையின் கலவையை மெலியச் செய்யும். கசிவை விடுத்துக் கலவையைச் செறிவாக்கினால் மற்ற உருளைகள் அளவுமீறிச் செறிவுறும்.

அடுத்து, எண்ணெயும் உருளைத் தலைகளும் இயல்பான வெப்பநிலையை எட்டும்வரை பொறி இயக்கப்பட வேண்டும். தடுப்புத் திருகால் உரிய வேகம் அமைக்கப்பட்டபின், அறையிலுள்ள கலவை நெம்பு மெல்ல நிறுத்தநிலை நோக்கி இழுக்கப்படுகிறது. லைகோமிங் கையேடுகளின்படி, இவ்வாறு இழுக்கையில் வேகம் 50 சுற்றுகளுக்கு மேல் ஏறினால் கலவை அளவுமீறிச் செறிந்தது. சிறிதும் ஏறாமல் உடனே விழுந்தால் கலவை மெலிந்தது. சிறிது ஏறிப் பின் விழுவதே வேண்டப்படுவது. பொறி அணையுமுன் நெம்பு மீண்டும் முன்தள்ளப்பட வேண்டும்.

இச்சோதனையின் காரணம் எளிது. மிகுதியான எரிபொருளால் திணறும் பொறி, கலவை மெலிய மெலியச் சிறந்த எரிதலைக் கடந்து செல்வதால் முதலில் வேகம் கொள்கிறது. முன்பே மெலிந்த பொறிக்குக் கடந்து செல்ல அத்தகைய இடமில்லை.

கலவை மாறியதும் வேகமும் மாறும். ஆகவே வேகம் மீண்டும் சரிசெய்யப்பட்டு, சோதனையும் மீண்டும் செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் பொறியை ஏறத்தாழ 2000 சுற்றுகளுக்கு உயர்த்திச் செருகிகளைத் தூய்மையாக்குவது முறை. சக்கரங்களுக்குத் தடைக்கட்டை இட்டு, பொறியை நிறுத்திய பின்னரே திருகைத் திருப்புதல் புரொப்பெல்லர் இடரைத் தவிர்க்கும்.

இங்கேதான் சுழற்சிமானியின் எண் ஏமாற்றுகிறது. மெலிகலவையால் தளரும் பொறியையும், தடுப்புத் திருகைச் சற்றுத் திறந்து 650 சுற்றுகளில் நிறுத்திவிடலாம். தரையில் அது சீராகவே ஒலிக்கும். தரையிறக்கத்தைக் கைவிட்டு மீண்டும் மேலெழ விமானி திராட்டிலை விரைந்து தள்ளும்போது அது தயங்கலாம்; அணைந்தும் போகலாம். வெற்றோட்டக் கலவை சற்றே செறிவாக விடப்படுவது இத்தயக்கத்தைத் தவிர்ப்பதற்கே.

சென்னைத் தட்பவெப்பம்

கடல்மட்டத்தில் 40 பாகை செல்சியசில் காற்றின் அடர்த்தி, செந்தர வெப்பநிலையான 15 பாகையில் உள்ளதைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. அடர்த்தி குறைந்தால் கலவை செறிவுறும். எனவே மே மாத நண்பகலில் நுணுகி அமைக்கப்பட்ட கலவை, மார்கழி விடியலில் மெலிந்து தோன்றக்கூடும். பருவ மாற்றத்தில் மறுசோதனை வேண்டும்.

கார்புரேட்டர் பனிப்படிவு குளிர்நாட்டுச் சிக்கல் என எண்ணுவது பிழை. எரிபொருள் ஆவியாவதாலும் காற்று விரிவதாலும் கார்புரேட்டருக்குள் வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் தாழக்கூடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் ஈரக்காற்றில், திராட்டில் மூடி இறங்கும்போது பனி படிய வாய்ப்புண்டு. அது தகட்டைச் சுற்றியுள்ள சிறு இடைவெளியை அடைக்கும்போது, தரையில் பொறி அணைந்தது கண்ட பராமரிப்பாளர் திருகைக் குறைகூற நேரும். அதற்குள் பனி உருகியிருக்கும். ஆதலால் திருகைத் திருப்புமுன், இறக்கத்தில் கார்புரேட்டர் சூடேற்றி இயக்கப்பட்டதா என்பதை விமானியிடம் கேட்டறிதல் வேண்டும்.

முடிவுரை

வெற்றோட்ட வேகம் என்பது ஒரு விளைவு. எரிகலவை, தீமூட்டல், கசிவின்மை ஆகியவை அதன் காரணங்கள். விளைவை மட்டும் திருத்தினால் காரணம் மறைந்து, தரையருகே வெளிப்படும். கலவைச் சோதனையே பொறியின் உண்மைநிலையைக் காட்டுகிறது. இந்தியாவில் பிஸ்டன் விமானங்களுக்கான பி1.2 பிரிவு உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் பொறுப்பில் அமையும் இப்பணியில், இறுதி வேகத்தோடு கலவைச் சோதனையில் கண்ட ஏற்றத்தையும் அன்றைய வெப்பநிலையையும் பதிவேட்டில் குறித்தல் நலம். அடுத்த பருவத்தில் அப்பொறியைக் கையாள்பவருக்கு ஒற்றை எண்ணைவிட அப்பதிவே பயன்தரும்.