பூசணிக்காய் வாசலில் இருக்கட்டும்... சாலைக்கு வேண்டாமே!



புது வீடு கட்டுகிறவர்கள் கதவு, ஜன்னல் வைக்கிறார்களோ இல்லையோ, திருஷ்டி பூசணிக்காயை முதலில் கட்டித் தொங்க விட்டு விடுவார்கள். உருட்டின கண், முறுக்கின மீசை, வெளியே நீட்டின சிவப்பு நாக்கு... பார்த்தாலே சின்னப் பிள்ளைகள் அலறும்! எங்கள் கும்மிடிப்பூண்டியில் வீடு மட்டுமா? கம்பெனி கேட், லாரி ஷெட், வெல்டிங் பட்டறை, டீக்கடை என்று எங்கே பார்த்தாலும் இந்த மீசைக்காரர்தான் காவல். கூடவே படிகாரம், கற்றாழை, எலுமிச்சம்பழம்-பச்சை மிளகாய் என்று ஒரு வரிசையே தொங்கும்.

'வர்றவங்க கண்ணு முதல்ல அந்த மூஞ்சி மேல படணும், வீட்டு மேல படக்கூடாது' என்பது என் மாமியார் சொல்லும் விளக்கம்.

நாம்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் அக்டோபர் 31-ந் தேதி ஹாலோவீன் என்று கொண்டாடுகிறார்கள். மஞ்சள் பூசணியின் உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்து விட்டு, கண், மூக்கு, பல் எல்லாம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வீட்டு வாசற்படியில் வைக்கிறார்கள். கெட்ட ஆவி அண்டாது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. இந்தப் பழக்கம் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்திலிருந்து போனதாம். அங்கே நூக்கல் மாதிரி இருக்கும் டர்னிப் கிழங்கில்தான் முகம் செதுக்கினார்கள். பிழைக்க அமெரிக்கா போனவர்களுக்கு அங்கே பெரிய பெரிய பூசணி கிடைத்தது. குடைவதும் சுலபம், பிடித்துக் கொண்டார்கள்.

அந்த மஞ்சள் பூசணியைத்தான் நாம் பரங்கிக்காய் என்கிறோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய் அது. நாம் திருஷ்டிக்குக் கட்டுவது வெள்ளைப் பூசணி. மேலே சாம்பல் பூத்தது போல இருக்குமே, அது. காய் வேறே, ஊர் வேறே. ஆனால் பயம் ஒன்றுதான்! வாசலில் ஒரு பயங்கர முகத்தை வைத்தால் வீட்டுக்குக் கெடுதல் வராது என்ற எண்ணமும் ஒன்றுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மை விடத் தேவலை. அவர்கள் பூசணி அவர்கள் வாசலோடு முடிந்து போகிறது. நம்முடையது சாலைக்கு வந்து விடுகிறது!

ஆயுத பூஜை அன்று பாருங்கள். 2024-இல் அக்டோபர் 11, 2025-இல் அக்டோபர் 1 என்று ஹாலோவீன் வரும் அதே அக்டோபர் மாதத்தில்தான் வந்தது. பூசணிக்காயில் ஓட்டை போட்டு, குங்குமமும் சில்லறைக் காசும் போட்டு, மேலே சூடம் ஏற்றி, மெஷினுக்கும் வண்டிக்கும் சுற்றி, நடுரோட்டில் ஓங்கி ஒரு போடு. அவ்வளவுதான், திருஷ்டி போச்சு என்று உள்ளே போய் விடுகிறார்கள். அடுத்து அந்த வழியே வருகிறவர் கதி?

வெள்ளைப் பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். கொழகொழப்பான சதையும் விதையும் தார் ரோட்டில் நசுங்கினால் எண்ணெய் கொட்டின மாதிரி வழுக்கும். ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் மழையும் பெய்து விட்டால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு, சிதறின காசைப் பொறுக்கப் பிள்ளைகள் வேறு வண்டிகளுக்கு நடுவே ஓடுகிறார்கள்.

எங்கள் ஊர் சிப்காட்டுக்குக் கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம், ஆந்திராவின் தடா பக்கமிருந்தெல்லாம் டூவீலரில் வேலைக்கு வருகிறார்கள். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு தம்பி, இரண்டு வருஷத்துக்கு முன் ஆயுத பூஜை ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது பூசணித் துண்டில் வழுக்கி விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. வலது கை எலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். ஒப்பந்தத் தொழிலாளி, அதனால் சம்பளமும் இல்லை. அந்தப் பெண் கம்மலையும் செயினையும் அடகு வைத்துத்தான் குடும்பம் நடத்தினாள். யாரோ ஒருவர் தன் தொழில் நல்லா இருக்கணும் என்று உடைத்த காய், இன்னொருவர் தொழிலைக் கெடுத்ததே... இது எந்த ஊர் நியாயம்?

போலீசும் மாநகராட்சிகளும் 'சாலையில் பூசணிக்காய் உடைக்காதீர்கள்' என்று வேண்டுகோள் விடாத வருஷமில்லை. பொது வழியில் ஆபத்தோ தடையோ உண்டாக்கினால் 5,000 ரூபாய் வரை அபராதம் என்று, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவும் சொல்கிறது. ஆனால் சட்டத்தை விட நம் வீட்டுப் பேச்சுக்குப் பலன் அதிகம் இல்லையா?

சம்பிரதாயத்தை விட வேண்டாம். எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்கிறோம்:

* காயைச் சுற்றி முடித்ததும் ரோட்டுக்குப் போகாமல், காம்பவுண்டுக்குள் ஒரு ஓரத்தில் கோணி விரித்து அதன் மேல் உடைக்கிறோம். சூடம் அணைந்த பிறகுதான் உடைப்பது.

* காசு போடுவதில்லை. அதைக் கோவில் உண்டியலில் போட்டு விடுகிறோம்.

* உடைத்த கையோடு துண்டுகளைக் கோணியோடு அள்ளி, செடிக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்து விட்டால் நல்ல எரு.

* தெருவில் யாராவது உடைத்திருந்தால் துடைப்பத்தால் தள்ளி விட்டு, ஈரத்தின் மேல் இரண்டு கை மணலோ சாம்பலோ தூவுகிறோம். ஐந்து நிமிட வேலை.

* வாசலில் தொங்கும் காய் மெத்தென்று ஆகிவிட்டால் உடனே மாற்றி விட வேண்டும். அழுகின காய் தலையில் விழுந்தால் அது வேறு வினை!

பட்டறை வைத்திருக்கும், கம்பெனிக்குப் போகும் கணவன், அண்ணன், தம்பி நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். பூஜைக்கு முதல் நாளே, 'இந்த வருஷம் ஓரமா உடைங்க, உடைச்சதை அள்ளிடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவோம். ராத்திரி அந்த ரோட்டில் வண்டி ஓட்டி வரப் போவது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

என்ன சகோதரிகளே, சொல்வீர்கள்தானே?

- ஒரு இல்லத்தரசி, கும்மிடிப்பூண்டி.